நாலரை வண்டி

சேரம்பாடி கிளை நூலகத்துக்கு
இந்த வருஷம் வந்த பெட்டியில்
சிறுவர் படக்கதைகள் முப்பத்தொன்று.
ஒன்பதில் ஒரு கிழவரும் ஒரு குழந்தையும் சிநேகம்.
ஒன்பதிலும் அதே கிழவர்:
பஞ்சு மீசை, வட்டக் கண்ணாடி,
நட்சத்திரங்களின் பெயரெல்லாம் தெரியும்.
இருபதாம் பக்கத்தில் இரும ஆரம்பிப்பார்.
இருபத்து நான்கில் நாற்காலி மட்டும்.
எண் ஒட்டி, முத்திரை குத்தி
அடுக்கில் வைத்தேன்.
என் வேலை அவ்வளவுதான்.

ஔசேப்பு வருவது மலையாளப் பேப்பருக்கு.
சுல்தான் பத்தேரி பஸ்ஸில்
இருபத்தொன்பது வருஷம் கண்டக்டர்.
மீசைக்கு மை அடிப்பார்.
நட்சத்திரம் ஒன்றும் தெரியாது.
ஸ்டேஜுக்கு ஸ்டேஜ் பழைய கட்டணம் தெரியும்,
யாரும் கேட்காமலே சொல்வார்.
தமிழ் பேச வரும், எழுத்து வராது.

தனுசியா வருவது அம்மாவுக்காக.
தேயிலை ஃபாக்டரியில் சங்கு ஊதும்வரை
மூணாங்கிளாஸ் பையோடு இங்கே இருக்கணும்.
ஊதியதும் ஓடிவிடுவாள்,
வரேன் என்றுகூட யாரிடமும் சொல்லமாட்டாள்.

இருப்பது ஒரே பெஞ்சு.
முதல் வாரம் முழுக்க
யாருக்கு ஜன்னல் பக்கம் என்று சண்டை.
இரண்டு பேரும் என்னிடம் புகார் சொன்னார்கள்.
அவர் மலையாளத்தில் எழுதியே கொடுத்தார்.

எப்படிச் சமாதானம் ஆனதோ.
மழை பிடித்த ஒரு நாள் பார்க்கிறேன்,
பேப்பர் மடித்துக் கிடக்கிறது,
அவள் வாசிக்கிறாள், அவர் படம் பார்க்கிறார்.
படத்துக் கிழவர் குந்தி உட்கார்ந்து விதை ஊன்றுகிறார்.
"முட்டு இங்ஙன மடங்காது" என்கிறார் ஔசேப்பு.
"வரைஞ்சவங்களுக்கு வயசு பத்தாது" என்கிறாள் இவள்.

கடைசிப் பக்கம் வந்தது.
அங்கே நாலு வரி இருப்பது எனக்குத் தெரியும்.
அவள் வாய் திறக்கவில்லை.
"எவிடெ ஆளு?" விரல் நாற்காலி மேல்.
"பத்தேரிக்குப் போயிருக்காரு. பல்லு கட்ட."
"குட்டி எந்தினா கரையுந்நு?"
"ஏன் அழுவுதா?
கூட்டிட்டுப் போகல. அதான்."

தகரக் கூரையில் மழை.
நான் ரெஜிஸ்டரில்
எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

"ஏது வண்டி?"
"நாலரை."
"ஓ, நாலரையோ." அவர் சாய்ந்து உட்கார்ந்தார்.
"அது ஸ்டே வண்டியாக்கும்.
எத்தர லேட்டானாலும்
ராத்திரி இவிடெ வந்து கிடக்கும்.
ஞான் ஓடின வண்டியல்லே."
"ஆனை மறிச்சா?"
"ஆனை மறிச்சா ஒன்பதரை."
அந்த ஒன்பதரையை அவள் கொஞ்ச நேரம்
மனசுக்குள் வைத்துப் பார்த்தாள்.
பிறகு புத்தகத்தை மூடினாள்.

அவள் கார்டில்தான் எடுத்துப் போனது.
பதினாலு நாள் கெடு,
பதினேழாம் நாள் திரும்பியது.
நாற்காலியில், நீல பால்பாயின்ட் பேனாவில்
ஒரு ஆள்.
கால் இரண்டும் நடுங்கிய கோடு.
மீசையை அழுத்தி அழுத்தித் தேய்த்ததில்
தாள் கிழியப் பார்த்திருக்கிறது.
பல் மட்டும் வேறொரு கை.
எண்ணினேன், நாற்பத்தொன்று.

பக்கத்தைச் சேதப்படுத்தினால்
புத்தகத்தின் விலை, அதற்கு மேல் அபராதம்.
விதி சுவரில் இருக்கிறது, நானே எழுதி ஒட்டியது.
மூன்று நாள் தாமதத்துக்குக் காசு வாங்கினேன்.
தகராறு பண்ணித்தான் கொடுத்தார் ஔசேப்பு,
பாதி அவள் தரணும் என்று.
அவள் அதற்குள் அடுக்குப் பக்கம் போய்
மீதி எட்டும் எங்கே என்று கேட்கிறாள்.

'நிலைமை' என்ற கட்டத்தில்
'நன்று' என்று எழுதி, அடித்துவிட்டு,
மறுபடி எழுதினேன்:
பக்கம் இருபத்து நான்கு. ஆள் இருக்கிறார்.