ஓட்டுக்குள் ஒன்று

பொர்வெனிரில் காற்று
ஆளைச் சாய்த்துத்தான் நடக்கவிடும்.
சாய்ந்தபடியே வந்து சேர்ந்தேன் இரவுப் பள்ளிக்கு.
வயது நாற்பத்தாறு.
கையில் நண்டு வாடை, எலுமிச்சைக்கும் அடங்காதது.

மிலென்கா டீச்சர் பலகையில் எழுதினாள்:
12x⁵ − 8x³ + 4x²
கீழே ஒரு கோடு.
கோட்டுக்குக் கீழே, தனியாக, 4x².

பல்லுறுப்புக் கோவை என்றாள்.
உறுப்பு என்றதுமே பயம் போய்விட்டது.
பதினெட்டு வருடமாய் அதைப் பிரித்துத்தானே
கூலி வாங்குகிறேன்.

முதல் உறுப்பு.
பன்னிரண்டில் நான்கு மூன்று தரம்.
அடுக்கை வகுக்காதே, கழி என்றிருந்தாள்:
ஐந்தில் இரண்டு போக மூன்று.
அடுத்ததில் கழித்தல் குறி
காலோடு ஒட்டிய பாசியாய்க் கூடவே வந்தது.
சுரண்டவில்லை, அப்படியே எடுத்துவைத்தேன்.

பக்கத்து பெஞ்சு ஓட்டிலியா
முதல் உறுப்பை மட்டும் வகுத்துவிட்டு
மற்றதை முழுசாய் இறக்கி எழுதியிருந்தாள்.
ஒரு காலை வெட்டிவிட்டு
மிச்ச நண்டை அப்படியே டப்பாவில் அடைக்கிற ஆள்.
(சூப்பர்வைசர் இல்லாத நாளில்
நானும்தான்.)

கடைசியில்
மேலேயும் நான்கு x வர்க்கம், கீழேயும் அதுவே.
அடித்தேன், அடித்தேன்.
காலி இடம்.
பூஜ்யம் போட்டேன்.

சிவப்பு மையில் தப்பு என்றிருந்தது.
ஏன் என்று இல்லை.

காலை ஆறு மணி ஷிஃப்ட்.
கொதிதொட்டி ஆவியில் யார் முகமும் தெரியவில்லை.
இரண்டு கொடுக்கு, ஆறு கால், எட்டு.
ஓட்டைப் பெயர்த்தால்
செவுள் ஓரம் மடங்கிக் கிடக்கிறது
நூலாய் இன்னொரு ஜோடி.
நடக்காது, எதையும் பிடிக்காது,
உள்ளே பெருக்கித் துடைக்கும்.
எடைக்கு வராது என்று தொட்டியில் வீசுவோம்.
எத்தனை ஆயிரம் நண்டு!
எட்டு எட்டு என்றே எண்ணியிருக்கிறேன்.

கத்தி நின்றது.

அடித்தது எல்லாம் தீர்ந்தது ஆகுமா?
நான்கு டப்பாவை நான்கு பேருக்குப் பிரித்தால்
வெறுங்கையோடா வீட்டுக்குப் போவோம்?
இரண்டில் இரண்டு போனால் அடுக்குதான் பூஜ்யம்.
உறுப்பு ஒன்றாய் நிற்கிறது,
ஓட்டுக்குள், சத்தம் போடாமல்.

கையுறையைக் கழற்றி
அட்டைப்பெட்டியின் ஓரத்தில் எழுதினேன்:
3x³ − 2x + 1

மத்தியானமே அந்தப் பெட்டி கப்பலேறிவிட்டது.
நோட்டில்
இன்னும் பூஜ்யம்தான் இருக்கிறது.