கோட்டின் இடது கை

வார்தோவில் நவம்பர் கடைசியில்
சூரியன் கடையைச் சாத்திவிட்டுப் போனால்
ஜனவரி பாதி தாண்டித்தான் திறக்கும்.
நடுப்பகலில் மட்டும் நீலமாக ஏதோ கசியும்,
அவ்வளவே.
அந்த மாதங்களில்தான் எனக்கு வேலை அதிகம்.

துறைமுகத்துக்குப் பின்னே,
வலைக்கிடங்கின் மாடியில் என் தையலறை.
கூரை நடுவே ஒரே ஒரு மஞ்சள் பல்பு.
பன்னிரண்டு வருடம் அது போதுமென்றிருந்தேன்.
கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தைப்பவள் என்று
பெயரும் வாங்கியிருந்தேன்.

கணவனின் அடக்கத்துக்கு
கறுப்புக் கோட்டு கேட்டாள் ஓஸ்லௌக்.
நான்கு நாள்.
கம்பளி போதவில்லை.
அலமாரியில் கிடந்த மீதித் துண்டில்
இடது கையை வெட்டினேன்.
பல்பின் கீழ் ஒட்டிவைத்துப் பார்த்தேன்:
கறுப்போடு கறுப்பு.
தடவிப் பார்த்தேன்: இழையும் அதே.

கல்லறைத் தோட்டத்தில் பகல் பன்னிரண்டு.
பனி. பனியின் மேல் அந்த நீலம்.
பாதிரியார் மூன்றாம் முறை மண் போடும்போது
ஓஸ்லௌக் மூக்கைத் துடைக்கக் கையை உயர்த்தினாள்.
கருநீலம்.
மணிக்கட்டிலிருந்து தோள்வரை கருநீலம்.
எல்லோர் கண்ணும் பெட்டியில்,
என் கண் தோள்தையலில்.

மறுநாளே விளக்குக்கு எழுதிப்போட்டேன்.

முதலில் வந்தது நெட்டைக் கழுத்துக்காரன்.
அரைமணியில் அதன் தலை கொதித்து
என் நெற்றி வியர்த்தது,
டிசம்பரில்.

இரண்டாவது வெள்ளைதான். ஆனால்
சிவப்பு நூலைச் செங்கல் ஆக்கியது,
என் புறங்கையைச் செத்த காட் மீன் ஆக்கியது.
நிறத்தை எவ்வளவு நிஜமாய்ச் சொல்கிறது என்பதற்கும்
நூற்றுக்கு மதிப்பெண் உண்டாம்.
அது எண்பது வாங்கியிருந்தது.
பள்ளியில் நான் எண்பதைப் பார்த்ததே இல்லை,
இருந்தாலும் திருப்பி அனுப்பினேன்.

மூன்றாவது தொண்ணூற்றேழு. ஐயாயிரம் கெல்வின்.
கடலோரக் கப்பலில் வந்து இறங்கிய அட்டைப்பெட்டியில்
'பகல்' என்று அச்சிட்டிருந்தது.
பகலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
இருட்டில் வீடுவரை நடந்தேன்.

படத்தில் விளக்கு இடப்பக்கம் நிற்கிறது.
நானோ இடக்கைக்காரி.
என் கையின் நிழலே என் ஊசியை விழுங்கியது.
வலப்பக்கம் மாற்றினேன்,
புருவத்துக்குக் கீழே இறக்கினேன்,
வெளிச்சம் துணியை உரசிக்கொண்டு ஓடும்படி சாய்த்தேன்.
கறுப்பின் மேல் கறுப்புத் தையல்
வரப்பு மாதிரி எழுந்து நின்றது.
பழைய பல்பை அணைக்கவில்லை.
மேசை மட்டும் பகலாகி அறை கிணறாய்க் கிடந்தால்
நிமிரும்போதெல்லாம் கண் தடுமாறுகிறது.

பிறகு அந்த டப்பாவைத் திறந்தேன்.
மூடியில் 'கறுப்பு' என்று என் கையெழுத்து.
உள்ளே பதினொரு நூல்கண்டு:
ஏழு கறுப்பு,
மூன்று கருநீலம்,
ஒன்று பச்சை.
பச்சையில் பாதி தீர்ந்திருந்தது.
இந்தத் தீவில் யாருடைய கால்சட்டையில்
அது நடமாடுகிறதோ.

ஓஸ்லௌக்கை வரச்சொன்னேன், கோட்டோடு.
மாற்றித் தர மூன்று மீட்டர் புதுக் கம்பளி,
மன்னிப்புக்கு இரண்டு வாக்கியம்,
இரண்டையும் அளந்து வைத்திருந்தேன்.

அவள் கையை விளக்குக்குக் கீழே நீட்டிப் பார்த்தாள்.
'ரெய்தார் ஒருநாளும் ஒரே ஜோடி காலுறை போட்டதில்லை.
உனக்கு எப்படித் தெரிந்தது?' என்றாள்.
'கல்லறையில் அன்றைக்கு
இந்தக் கையைப் பார்த்துத்தான் நின்றுகொண்டிருந்தேன்.'

இரண்டு வாக்கியமும் தொண்டையில் முடிச்சு விழுந்தன.

முன்கையில் ஒரு பொத்தான் மட்டும் தளர்ந்திருந்தது.
பதினொன்றையும் மேசையில் பரப்பி,
வெளிச்சத்தில் ஒவ்வொன்றாய்ப் புரட்டி,
கருநீலத்தை எடுத்தேன்.
ஊசியின் காதில்
முதல் தடவையே நுழைந்தது.