மூன்றாம் முடிச்சு

முதல் தடவை பதினேழு நிமிடம் ஓடியது.
இரண்டாம் தடவை பதினாறே முக்கால்.
மாப்பிள்ளை குனிகிறார்,
முதல் முடிச்சு, இரண்டாவது,
மூன்றாவதைப் போட நாத்தனாரின் கை நீள்கிறது,
திரை நீலம்.

சௌந்தரம் அக்கா போனில் கேட்டாள்:
"எந்த இடத்துலம்மா நிக்குது?"
பெண்ணைப் பெற்றவள். பெகுவுக்குக் கட்டிக்கொடுத்து
பதினோரு நாள்தான் ஆகிறது.
"பந்தியிலக்கா" என்றேன்.
"பந்திதானே" என்று மூச்சு விட்டாள்.

இந்தப் பெட்டி நானே கூட்டியது.
மதர்போர்டு கோ ஸின் மின் கடையில், ரசீதோடு.
பவர் சப்ளை, மூடிப்போன இன்டர்நெட் கடையின் மிச்சம்.
ராம் இரண்டு துண்டு, இரண்டு கம்பெனி,
பக்கத்துப் பக்கத்தில் உட்காரவைத்த சம்பந்திகள்.
ஒரு பக்கக் கண்ணாடி வாங்கிய அன்றே உடைந்தது;
அங்கே பிஸ்கட் அட்டை ஒட்டியிருக்கிறேன்.
தம்வேயில், மூன்றாம் மாடியில்,
சித்திரை வெயிலில், இது என் பிழைப்பு.

பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில்
எழுதத் தொடங்கினேன்.
செவ்வாய், 2.10. கரண்ட் இருந்தது. முடிச்சு.
செவ்வாய், 4.35. இன்வெர்ட்டர். முடிச்சு.
புதன், விடியல் 3. ஃபேன் முழு வேகம். முடிச்சு.
காரணம் என்று ஒரு கட்டம் போட்டு
காலியாக விட்டேன்.

அந்தக் கிளிப்பில்தான் ஏதோ என்று
கேமராக்காரனைத் திட்டினேன்.
பிறகு நானே என்னைப் பார்த்து வெட்கப்பட்டு
பயந்தும் போய்,
வியாழன் அன்று பந்தியிலிருந்து ஓடவிட்டேன்.
இலை, உப்பு, அப்பளம்.
சரியாகப் பதினேழு நிமிடம்.
கேசரிக் கரண்டி அந்தரத்தில் நிற்க, நீலம்.

சிரித்துவிட்டேன்.
என் பொய் இரண்டு நாள் தாமதமாக உண்மையாகியிருந்தது.
தாலியில் ஒன்றுமில்லை. நாத்தனாரிடமும் இல்லை.
ஏதோ ஒன்று பதினேழு நிமிடம்தான் பொறுக்கிறது.

சிபியு பேஸ்ட் காய்ந்து
சுவரில் பழைய சுண்ணாம்பு போல உதிர்ந்தது.
புதிதாகத் தடவினேன். இருபத்திரண்டு நிமிடம்.
அந்த ஐந்து நிமிடத்துக்கு
ஒரு டீ குடித்துக் கொண்டாடினேன்.
ஸின் மின் வேறு பவர் சப்ளை கொடுத்தார்.
இருபத்திரண்டு.
"யபாடே, மா வள்ளி" என்றார்.
எல்லாம் சரியாகிவிடும் என்பதற்கும்
எனக்கும் தெரியாது என்பதற்கும்
இந்த ஊரில் அது ஒன்றே சொல்.

மிச்சம் ராம்.
முழுச் சோதனைக்கு ஆறு மணி நேரம் வேண்டும்;
மின்சார வாரியம் தருவது நான்கு.
இன்வெர்ட்டரோ ஒரு மணி நேரத்தில் கத்தத் தொடங்கும்.
மூன்று இரவு, மூன்று பாதிச் சோதனை.
பாதிவரை எல்லாருமே நல்லவர்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு துண்டைக் கழற்றினேன்.
கல்யாணம் முழுதும் ஓடியது.
அதை வைத்து மற்றதைக் கழற்றினேன்.
அதற்கும் ஓடியது.
மகனின் பள்ளிக்கூட ரப்பரால்
இரண்டின் தங்கப் பற்களையும் தேய்த்து, ஊதி,
சேர்த்து அழுத்தினேன். டக், டக்.
மாலை, முடிச்சு, அப்பளம், கேசரி,
கார் கதவு சாத்தும்வரை ஓடியது.

தூசியா, ஈரமா,
நான் முதலில் சரியாக அழுத்தவில்லையா,
கழற்றியதால் வந்த ரோசமா?
மறுபடி ஓட்டினேன். மறுபடியும்.
குற்றவாளி அகப்படாமல்
குற்றம் மட்டும் நின்றுவிட்டது.
இது எனக்குப் பிடிக்கவில்லை.

பென் டிரைவை வாங்கிக்கொண்டு அக்கா கேட்டாள்:
"என்னம்மா கோளாறு?"
"வெயில்" என்றேன்.
அவளும் முந்தானையால் விசிறிக்கொண்டாள்.

நோட்டில் அந்தக் கட்டம் இன்னும் காலி.
அட்டையைத் திரும்ப ஒட்டவில்லை.
அடுத்த வாரம் ஒரு காதுகுத்து இருக்கிறது,
நாற்பது நிமிடம்.
ரப்பரை மகனிடம் கொடுக்கவில்லை;
வேறு வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.