ஜி-க்குச் சற்று மேலே

தங்கச்சிமடத்தில் ஒரு செட் கம்பிக்கு ஆயுள்
பதினோரு நாள்.
கச்சான் வீசினால் ஒன்பது.
மூன்று மாதம் வரும் என்று சொல்லி விற்ற
மதுரைக் கடைக்காரருக்கு
உப்பைச் சோற்றில் மட்டும்தான் தெரியும்.

வாசித்து முடித்ததும் பனியன் துணியால் துடைக்கிறேன்,
ஒவ்வொரு கம்பியாக, அடிப்பக்கமும் சேர்த்து.
அப்படியும் மூன்றாவது கறுத்துவிடுகிறது.
உன் வேர்வையே சரியில்லை என்கிறாள் எஸ்கலின்.

முதல் வருடம்
எல்லாக் குமிழையும் பத்தில் வைத்தேன்.
பெடல் வாங்கினேன். போதாமல் இன்னொன்று வாங்கினேன்.
கொடியேற்றத்தன்று மேடையில் எனக்குக் கேட்டது இடி.
மணலில் நின்று கேட்ட பெர்னதித் சொன்னான்:
“நண்டு வலையை அப்படியே தரையில கொட்டுன மாதிரி இருந்துச்சு.
நண்டும் கெடக்கு, பாசியும் கெடக்கு,
எது எதுன்னுதான் தெரியல.”

பாசியைக் கழிக்க இரண்டு வருடம்.
கெயினை மூன்றுக்கு இறக்கினேன்.
பாஸைக் குறைத்தேன், அது டிரம்காரன் சொத்து.
மிட்டை ஏற்றினேன்,
இந்தக் காற்றைக் கிழித்துக்கொண்டு போவது அதுதான்,
மீன் ஏலம் கூறுகிறவரின் குரல்போல.
மைக்கை ஸ்பீக்கரின் நடுவிலிருந்து
இரண்டு விரற்கடை தள்ளினேன்.
கூச்சல் கழன்று விழுந்தது.

பிறகுதான் கை ஞாபகம் வந்தது.
டீசல் கேன் மூடியில் வெட்டிய பிளெக்ட்ரம்
கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால்
சுரம் உருண்டு வருகிறது.
இடது கைக்குக் கணவாயைப் பிடிக்கிற அழுத்தம் போதும்.
நான் நங்கூரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தேன்,
அதில் சுரம் விலகி விலகி ஏறியது.
இதையெல்லாம் விடப் பெரிய வேலை
வாசிக்காத கம்பிகளை மூடிவைப்பது.
ஐந்து பேரை அடக்கினால்தான்
ஒருத்தி பேசுவது காதில் விழும்.

இரைச்சல் மட்டும் போகவில்லை.
ஐஸ் ஆலையில் எனக்கு இரவு ஷிப்ட்.
கம்ப்ரஸருக்குப் பின்னால் என் அறை, என் ஆம்ப்.
சுவிட்சைப் போட்டதும் ம்ம்ம் என்று ஆரம்பிக்கும்.
எர்த் குழி தோண்டினேன், கரி நிரப்பினேன்,
உப்பும் போடணும் என்றார் எலக்ட்ரீசியன்.
இந்த மண்ணுக்கா, அண்ணே?

கோயிலைப் பார்த்து உட்கார்ந்தால் இரைச்சல் குறைகிறது,
கடலைப் பார்த்தால் கூடுகிறது.
பக்தி எல்லாம் இல்லை, சிங்கிள் காயில் பிக்கப்.

ஒருநாள் இரண்டரை மணிக்கு,
கேன்களில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தபோது,
சும்மா போனில் ட்யூனரைத் திறந்து
அந்த இரைச்சலுக்கு நேரே நீட்டினேன்.
முள் ஆடி நின்றது:
ஜி. அதிலிருந்து மயிரிழை மேலே.
கம்ப்ரஸர், டிரான்ஸ்பார்மர், என் ஆம்ப்,
தெருக்கோடி டியூப்லைட் வரைக்கும்
எல்லாம் அதே இடத்தில்.

ஆறு கம்பியையும் அந்த மயிரிழைக்கு ஏற்றினேன்.
ஒரு சுரத்தை மீட்டி, விட்டுவிட்டுக் கேட்டேன்.
அது தேய்ந்து தேய்ந்து
ஆலைக்குள் போய் உட்கார்ந்தது.
இத்தனை நாள் விரட்டிய இரைச்சல்
தம்பூராவை மடியில் வைத்துக்கொண்டு
பின்னால் இருந்திருக்கிறது.

சனிக்கிழமை பிராக்டிஸில் ரீகன் கத்தினான்:
“ஊர் ஒரு சுதியில, நீ ஒரு சுதியில!”
அவன் கீபோர்டில் அதை ஏற்ற ஒரு வழி உண்டு,
மெனுவுக்குள் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறான்.
கரண்ட் போனால் எதை வைத்து ட்யூன் பண்ணுவாய் என்கிறான்.

கரண்ட் போனால் ஆம்ப்பும்தான் போகும், ரீகன்.
அப்புறம் ரெண்டு பேரும்
ஐஸ் சொட்டுவதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான்.