வசூலில்லாத திங்கள்

குளிர்த்தி என்று கிளைக்கு லீவு.
பின்னேரம் சஞ்சீவ வான் கொண்டுவந்தான்.
அக்கரைப்பற்றிலிருந்து ஆறு பேர்,
நீல மேற்சட்டை இல்லாமல்.
கழற்றிப் பார்த்தால்
டெரன்சுக்குக் கழுத்து இருக்கிறது,
குகநேசன் சேருக்குத் தொப்பை இருக்கிறது,
றிஸ்மினாவுக்கு மஞ்சள் நிறம் பிடிக்குமாம்.
எனக்கு ஊதாச் சேலை.
எங்களை ஆருக்குத் தெரியப்போகுது
என்று சொல்லிக்கொண்டு ஏறினோம்.

வழி முழுக்க வயலை உரித்துக்கொண்டு வந்தது காற்று.
கச்சான் அடிக்குது என்றேன்.
எங்க விக்குது என்றான்
கொழும்பிலிருந்து மாற்றலாகி வந்த பிரஷாந்தன்.
தம்பிலுவிலில் இறங்கிய பிறகுதான்
அவன் கேட்ட கச்சான் வந்தது,
வீதியின் இரு பக்கமும் குவியல் குவியலாய்,
ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு பல்ப்.

முதல் ஐஸ்கிறீம் வரைக்கும் நன்றாகத்தான் இருந்தது.
சேர் பலூன் சுட்டார்.
பத்துக்கு ஒன்று.
இலக்கை எட்டேல்ல சேர் என்று
இந்த வருஷத்தில் முதல் தடவையாக
நாங்கள் அவருக்குச் சொன்னோம்.

பிறகு காப்புக் கடை.
என் கையைப் பிடித்து அளவு பார்த்தவள்
நிமிர்ந்து முகத்தைப் பார்த்தாள்.
இருபத்தி மூன்றாம் குழு.
பிடித்த கையை விட்டாள்.
பக்கத்துக் கடையைப் பார்த்தாள்,
பக்கத்துக் கடை அதற்கடுத்த கடையை.
நாங்கள் நடக்க நடக்க
எங்களுக்கு முன்னால் ஏதோ ஒன்று போனது;
தறப்பாள்கள் தாழ்ந்தன.
தும்புமிட்டாய்க்காரர் மெஷினை நிறுத்தி
கரண்ட் இல்ல என்றார்,
தலைக்கு மேலே பல்ப் எரிய.

கடைசிக் கச்சான் கடையில் ஒரு பொடியன்.
எட்டு வயது இருக்கும்.
குவியலுக்கு மேலே தலை மட்டும்.
நாங்கள் வாய் திறக்கவில்லை.
"அம்மா வீட்ட இல்ல" என்றான்.

வீடில்லை அது.
நாலு கம்பு, ஒரு மேசை,
மேசைக்கு முன்னால் தொங்கிய உரப்பை.
உரப்பைக்குக் கீழே ஒரு கால்.
மிஞ்சி போட்ட விரல்
மெல்ல மடங்கி உள்ளே போனது.
அந்தக் காலை எனக்குத் தெரியும்.
புதன்கிழமைகளில்
கதவுச் சீலைக்குக் கீழே கண்டிருக்கிறேன்.

ஒருவரும் சிரிக்கவில்லை, பிரஷாந்தன்கூட.
றிஸ்மினாதான் கேட்டாள், குனியாமல்:
"கச்சான் எவ்வளவு மகன்?"
"சின்னது இருநூறு."
"மூண்டு தாங்க."
சுண்டால் அள்ளித் தலைதட்டினான்,
யோசித்தான்,
தட்டியதைத் திரும்ப அள்ளிப் போட்டான்.
ஆயிரத்தை வாங்கி
லாச்சியைத் திறந்து நெடுநேரம் பார்த்தான்.
பிறகு கையைக் கீழே விட்டான்.
உரப்பை அசைந்தது.
மேலே வந்த கையில் நாலு நூறு,
வியர்வையில் ஒன்றோடொன்று ஒட்டி.

உள்ளே குளிர்த்தி பாடத் தொடங்கியிருந்தார்கள்.
றிஸ்மினா வானடியில் நின்றுகொண்டாள்.
நான் பெண்கள் பக்கம்.
இந்த அம்மனும் தெண்டல் போனவள்தான்,
சடங்குக்கு முன் வீடு வீடாய்.
அவளுக்கு முன்னால் எந்தப் பிள்ளையும் வந்து
அம்மா வீட்ட இல்ல என்பதில்லை.
நாழி நிறைய நெல்லோடு
கேட்கும் முன்னே வாசலில் நிற்கிறார்கள்.
கைப்பையைத் தடவினேன்.
ரசீதுப் புத்தகம் கிடந்தது.
கோயிலுக்கு ஏன் கொண்டுவந்தேன்?

வேப்பங்கொத்தால் தண்ணீர் தெளித்தார்கள்.
கூட்டம் தள்ளிக் கொண்டுபோய் விட்ட இடத்தில்
பக்கத்தில் ஒருத்தி.
கூப்பிய விரல்களில் வறுத்த கரி.
கீழே பார்த்தேன்: மிஞ்சி.
அவளும் கண்டாள்.
ஒளிய இடமில்லை, இரண்டு பேருக்கும்.
ஒரே வீச்சில் விழுந்தது,
அவள் நெற்றியில் கொஞ்சம்,
என் கண்ணுக்குள் கொஞ்சம்.
"சேலை வடிவா இருக்கு மிஸ்" என்றாள்.
மறுகா கிறுகிப் பார்க்காமல் போய்விட்டாள்.

வான் முழுக்கக் கோது.
நாளைக்கு எட்டரைக்கு எல்லாரும் என்றார் சேர்.

புதன்கிழமை அவள் வாசலில்
ரசீதுப் புத்தகத்தை விரித்தேன்.
நடுப் பக்கத்தில் ஒரு கச்சான்,
உடைக்காதது.
பொடியன் வெளியே வந்தான்.
என்னைப் பார்த்தான், கச்சானைப் பார்த்தான்,
வாயைத் திறந்தான்.