வெறுங்குலைக் காளான்

படிவத்தில் ஏழு கட்டங்கள்.
நான் கேட்டதற்காகத் தமிழிலும்
அச்சடித்துக் கொண்டுவந்திருந்தாள் ஹுய் ஷான்.
கோலாலம்பூர்ச் சங்கம். லாபம் பார்க்காத சங்கமாம்.
என் கடையும் அதே ஜாதிதான் என்றேன்.
சிரித்தாள், பிறகு சிரிக்கலாமா என்று
அஃபிக்காவைப் பார்த்தாள்.

பெயர்: காளான் பிரட்டல்.
விலை: ஆறு வெள்ளி.
பதினெட்டு போடலாமே அக்கா.
ஆறு என்றே எழுதினேன்,
ஆலையின் காலை ஷிப்டு கண்ணில் பட்டால்
யார் பதில் சொல்வது?

கிடைக்கும் இடம். அங்கே பேனா நின்றது.
காட்டுக் காளான் என்று போட்டால் அழகாயிருக்கும்,
என்றாள் அஃபிக்கா, மெதுவாக.
புக்கிட் ரோத்தானில் காடு எங்கே?
கண் போகும் தூரமெல்லாம் செம்பனை,
நடுவில் ஆலை, ஆலைக்குப் பின்னால்
எண்ணெய் பிழிந்து துப்பிய வெறுங்குலைகளை
லோரி லோரியாய்க் கொட்டிய மேடு.
அது புளித்து, உள்ளுக்குள் சூடேறி, ஆவி விட்டுக்கொண்டு கிடக்கும்.
ஒரு ராத்திரி மழை நின்று பெய்தால்
மூன்றாம் நாள்
சாம்பல் முட்டைகளாய் வெடித்துக் கிளம்பும்.
விடியுமுன் அரிசிச் சாக்கில் கொண்டுவருவான்
ராஜ்ஷாஹிக்காரன் ஷொஃபிக்குல்.
குடை விரிந்ததை நான் தொடமாட்டேன், அவனுக்குத் தெரியும்.
இரண்டு பொட்டலம் சோறு, மீதிக்குக் காசு.

எந்த வட்டாரச் சமையல்?
சின்ன வெங்காயம், காய்ந்த மிளகாய்,
சீனன் கடைப் பெலாச்சான் சுண்டுவிரல் நகத்தளவு,
கறிவேப்பிலை சூராவ் வேலியோரத்து மரம்.
இந்த வட்டாரம், என்று எழுதினேன்.

கிடைக்கும் கிழமை:
மழைக்கு மூன்றாம் நாள்.
அச்சில் சனிக்கிழமை என்று வந்தது.

சனிக்கிழமை பஸ் வந்தது. இருபத்தாறு பேர்.
பதினோரு நாளாய் வானம்
தேய்த்துக் கவிழ்த்த ஈயச்சட்டி.
ஹுய் ஷான் ஒவ்வொரு மேசையாய்ப் போய்
மன்னிப்புக் கேட்டாள்,
மழைக்கு ஆர்டர் கொடுக்க மறந்தவள் போல.
நான் சார்டின் டின்களை உடைத்தேன்.
பச்சைத் தொப்பிக்காரர் ஒருவர்
இதன் வரலாறு என்ன என்றார்.
டின்னில் வந்தது என்றேன்.
இன்னொரு தட்டு கேட்டார்.

திங்கள் ராத்திரி தகரம் பிய்ந்துபோகிற மழை.
வியாழன், இரண்டு சாக்கு.
படம் எடுத்து ஹுய் ஷானுக்கு அனுப்பினேன்.
பதிலுக்கு ஒரு அழும் முகம்,
ஐந்து நிமிடம் கழித்து
எத்தனை மணி வரை கடை, என்று ஒரு கேள்வி.
வந்து சேரும்போது
நான்கு ஸ்பூன்தான் மிச்சம். ஷொஃபிக்குல் தன் பொட்டலத்தைப்
பாதி பிரித்து அவள் பக்கம் தள்ளினான்.
இருவருக்கும் பொதுவாய் இருந்தது
உடைந்த மலாயும் மூக்கில் ஏறிய காரமும்.

போன வாரம் உணவு வரைபடம் வந்தது.
பளபளத் தாள், சிவப்புப் புள்ளிகள்.
என் கடைப் புள்ளி தவறிப்போய்
ஆலையின் பின்புறம், குலைமேட்டின் மேல்
விழுந்திருக்கிறது.
அடுத்த பதிப்பில் திருத்திவிடுகிறோம் அக்கா, என்றாள்.
திருத்தாதே, என்றேன்.