நானூற்றுப் பன்னிரண்டு

மாங்குளம். இரவு வேலை.
போத்தல்கள் நிற்பதில்லை.
கழுத்தைச் சென்சர் கண்டதும்
ஓடுகிற போக்கிலேயே லேசர் எழுதிவிடும்:
தொகுதி, திகதி, காலாவதி.
மையில்லை. எழுத்தென்பது
பிளாஸ்டிக் இழந்த தோல்தான்.

பெல்டோடு உரசி உருளும் சின்னச் சில்லு
வேகத்தை எண்ணிக் கொடுக்கும்.
அது வழுக்கினால் எட்டு சாயும், ஏழு இழுபடும்.
தர்மிகா அதைத்தான் முதலில் துடைப்பாள்.

இரண்டேகாலுக்குக் கரண்ட் போனது.
ஜெனரேட்டர் வந்தது. லைன் ஓடியது.
பெட்டி கட்டுகிற கோபிதன்தான் கூப்பிட்டான்:
"அக்கா, இதை ஒருக்காப் பாருங்கோ."

மெசினுக்குள் பட்டரி செத்திருந்தது.
மணிக்கூடு தன் முதல் நாளுக்குப் போய்விட்டது.
01.01.2009.
நானூற்றுப் பன்னிரண்டு போத்தல்.
ஓர் இலக்கமும் சாயவில்லை,
அவ்வளவு வடிவு.

லைனை நிறுத்தினாள்.
புகை உறிஞ்சி மட்டும் இரைந்துகொண்டிருந்தது.

அந்தத் தை மாதம், விசுவமடுவில்,
ஐந்து பேருக்கு ஒரு போத்தல்.
ஒருவரும் திகதி பார்க்கவில்லை.

இன்றைய நாளை அடித்தாள்.
பிழைத்தது. திரும்ப அடித்தாள்.

நொறுக்கச் சொன்னார் மனேஜர், போனில், நித்திரைக் குரலில்.
நொறுக்கமுதல் தண்ணியை ஊற்றவேண்டும்.
விடியும்வரை மூடி திறந்தார்கள்.
கேற்றடியில் புதிதாய் நட்ட முதிரைக் கன்றுகளுக்கு
நானூற்றுப் பதினொன்று.